கன்னிமார் கல் வரைக்கும்

எங்கள் நிலத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை. நானேதான் வாயால் கொடுத்தேன். கூடவே குளிரக் குளிர ஒரு சொம்பு மோரும் கொடுத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது கத்தினால்தான் பிழைப்பு. எனக்கு என்ன கேடு?

தாமலுக்கும் திருப்புட்குழிக்கும் நடுவில் ஒரு சின்ன ஏரி. அதன் ஒரு பக்கம் கரை. கரைக்குக் கீழே மதகுத் தண்ணீர் பாய்ந்து விளைகிற ஊர், அதைக் கீழூர் என்போம். எதிர்ப்பக்கம் கரை கிடையாது. மழைக்குத் தண்ணீர் மெல்ல மெல்ல மேட்டை நோக்கி ஏறும், வெயிலுக்கு இறங்கும். அந்தப் பக்கத்துக்கு உள்வாய் என்று பெயர். எங்கள் ஊரும் என் ஒன்றரை ஏக்கரும் அங்கேதான். அப்பா எழுதி வைத்த நிலம், பட்டா என் பெயரில். ஆக்கிரமிப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். நான் மாமன் மகனையே கட்டிக்கொண்டு உள்ளூரிலேயே தங்கியதால் நிலம் எனக்கு வந்தது. தங்கச்சிக்கு நகை போட்டுக் கீழூரில் கொடுத்தார்கள். அவள் வீட்டு நிலம் மதகுக்கு நேர் கீழே. ஆக, ஒரே ஏரித் தண்ணீர். அதற்கு மேலே நான், கீழே அவள்.

மேலே இருக்கிறவனும் கீழே இருக்கிறவனும் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வழக்கம் இருந்தது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிற இடம் கலங்கல். எங்கள் கலங்கல் சுவரின் மேல் முழங்கால் உயரக் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள், இடைவெளி விட்டு, பல் வரிசை மாதிரி. நாங்கள் ஆடியில் கிணற்றுத் தண்ணீரில் விதைத்துக் கார்த்திகையில் அறுப்போம். அதுவரை அந்த இடைவெளிகள் திறந்தே கிடக்கும். எவ்வளவு மழை வந்தாலும் தண்ணீர் எங்கள் பயிரைத் தொடாமல் அதன் வழியே போய்விடும். கார்த்திகைக் கடைசியில் கீழூர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வருவார்கள். வந்து ஒரே கேள்வி கேட்பார்கள்.

"அறுப்பு ஆச்சா?"

எங்கள் ஊரில் யார் கடைசியாக அறுத்தார்களோ அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஆச்சி, மண்ணு போடலாம்."

சொன்ன வீட்டுக்காரர்களே முதல் கூடை மண்ணைக் கொண்டுபோய்க் கற்களுக்கு நடுவில் கொட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் கீழூர்க்காரர்கள் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்பார்கள். கடைசி மழைத் தண்ணீர் தேங்கி அறுத்த எங்கள் தாளடி மேல் முழங்கால் அளவு ஏறும். அந்தத் தண்ணீரில் அவர்கள் இரண்டாம் போகமாக நவரை நெல் நடுவார்கள். கோடையில் தண்ணீர் இறங்கும்போது வண்டலை எங்களுக்கு விட்டுப் போகும். நான் கடையில் உர மூட்டை வாங்கிய வருஷங்கள் குறைவு. எங்கள் நிலம் ரொம்பத் தாழ்வு, அதனால் பெரும்பாலும் கடைசி அறுப்பு எங்களுடையதுதான். அந்த முதல் கூடையை யார் தூக்குவது என்று நானும் தங்கச்சியும் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறோம். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காதது உங்கள் தப்பு என்று இப்போது சொல்கிறார்கள். மூச்சு விடுவதைக்கூடப் பதிவு செய்து ரசீது வாங்கியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன் ஏரிகளை மீட்கும் புது விதி என்று ஒன்று வந்தது. ஏரி முழுக் கொள்ளளவுக்கு நிற்க வேண்டும். தண்ணீர் அதிகபட்சம் எதுவரை ஏறுமோ அதுவரை கல் நட வேண்டும். அந்தக் கல்லுக்குள் பட்டா இருந்தாலும் பயிர் வைக்கக் கூடாது, விற்கப் பத்திரம் பதிய முடியாது. கேள்விப்பட்டபோது எங்களுக்கு இவ்வளவும் தெரியாது. ஏரியை ஆழப்படுத்தப் போகிறார்கள் என்றுதான் நினைத்தோம். சந்தோஷப்பட்டோம். ஏரி வேண்டாம் என்று சொல்ல நாங்கள் என்ன பைத்தியமா?

சர்வேயர் ஒரு வைகாசி வெயிலில் வந்தார். சின்ன வயசு, பொறுமையான முகம். கூட வந்த ஆட்கள் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற மாதிரி வயலுக்கும் வயலுக்கும் நடுவே டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சர்வேயர் என் வரப்பில் புங்க மரத்தடியில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, தண்ணி அதிகமா எது வரைக்கும் வந்திருக்கு?"

இங்கேதான் என் புத்தி மேயப் போனது. எங்கள் பக்கத்தில் ஏரியைப் பற்றி யாராவது கேட்டால் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து ஊர் ஏரியைவிட நம் ஏரி ஒரு முழமாவது அதிகம் என்றுதான் சொல்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட எங்கள் ஊரில் முதலில் ஏரியைத்தான் அளப்பார்கள், அப்புறம்தான் பெண்ணை. ஊர் மானம் அதில் இருக்கிறது. தாமல் ஏரியைக் கடல் கடல் என்று அவர்கள் பேசிப் பேசி எங்களுக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல்.

என் நிலத்துக்கு மேலே, நல்ல மேட்டில், கன்னிமார் இருக்கிறார்கள். ஏழு கல், மஞ்சள் பூசி வேப்ப மரத்தடியில். நான் கையை நீட்டி அந்தப் பக்கம் காட்டினேன்.

"கன்னிமாருங்க ஏழு பேரும் மூக்கு வரைக்கும் தண்ணில நின்னாங்க சார்! நான் என் கண்ணால பார்த்தேன். எங்க ஏரின்னா சும்மாவா?"

"நெஜமாவா?"

"பின்ன இன்னா? கேட்டுப் பாருங்க ஊர்ல!"

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். போதாததற்கு, "மூக்குன்னு சொல்றா, நெத்திப் பொட்டே அழிஞ்சிபோச்சு சார்" என்று தன் பங்குக்கு ஒரு கூடை சேர்த்தார். உண்மை என்ன தெரியுமா? ஒரு பேய்மழை வருஷத்தில், ஒரே ஒரு நாள், கன்னிமார் கல்லின் அடியில் ஒரு சாண் மண் ஈரமானது. அவ்வளவுதான். மறுநாள் காய்ந்துவிட்டது. சர்வேயர் எழுதிக்கொண்டார். காகிதத்தை நீட்டினார். ப்ளஸ் டூ படித்தவள் நான், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள் இல்லை. அரைப் பக்கம் படித்தேன். எங்கள் ஏரியைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஆவணியில் கன்னிமார் கல்லுக்குப் பக்கத்தில் எட்டாவதாக ஒரு கல் நட்டார்கள். சிமெண்டுக் கல், மஞ்சள் வெள்ளைப் பட்டை அடித்தது. எங்கள் ஊரில் இருபது வீட்டு நிலம் அந்தக் கல்லுக்குள் போனது. ஆனால் ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாய் மேல் உட்கார்ந்திருக்கிற பிளாட்டுகளின் மதில் ஓரமாகக் கல் வரிசை நெளிந்து விலகிப் போனதே, அதை எப்படி அளந்தார்கள்? அங்கே யாரும் ஏரியைப் பற்றிப் பெருமை பேசவில்லை போலிருக்கிறது. அங்கே பேச வக்கீல் இருந்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

அதே கையோடு கலங்கலின் நட்ட கற்களைப் பிடுங்கிவிட்டு, அந்த உயரத்துக்கு ஒரே கான்கிரீட்டாகப் போட்டுவிட்டார்கள். இடைவெளி கிடையாது. திறப்பதும் இல்லை, அடைப்பதும் இல்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. நான் வழக்கம்போல ஆடியில் விதைத்திருந்தேன். ஐப்பசி மழையில் தண்ணீர் வழிய வழி இல்லாமல் ஏறியது. கார்த்திகையில் என் நெல் கதிர் முற்றி நின்றபோது, கதிருக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். அறுப்பு மிஷின்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது வயலா, கொளமா? படகு கிடகு வச்சிக்கினு அறுத்துக்கமா" என்று திரும்பிப் போய்விட்டார். நானும் வீட்டுக்காரரும், வருஷா வருஷம் எங்களோடு நடவு நடுகிற நான்கு பெண்களும், தொடையளவுத் தண்ணீரில் நின்று கையால் அறுத்தோம். லாரி டியூபில் படுதாவைக் கட்டி, அதில் அறுத்த கதிர்க் கட்டுகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு கரை சேர்த்தோம். ஒருத்தி காலில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டே, "அடுத்த வருசம் நெல்லுக்குப் பதிலா கெண்ட மீனு வுடுக்கா, அதான் சரி" என்றாள். சிரித்தோம். அடுத்த வருஷம் அந்த நான்கு பேருக்கும் எங்கள் ஊரில் வேலை இல்லை. இப்போது டவுனில் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போகிறார்கள்.

காய வைத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அடங்கல் கேட்டார்கள். இன்ன நிலத்தில் இன்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. வி.ஏ.ஓ. நல்ல மனுஷர்தான். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"லாக் ஆயிடுச்சிமா. ஏரிக்குள்ள நெல்லு வெளைஞ்சிதுன்னு நான் எப்படி எழுதறது?"

"அப்ப இந்த மூட்டையில இருக்கறது இன்னா சார், வெங்காயமா?"

"நெல்லுதான். யாரு இல்லன்னா? ஆனா வெளையல."

விளையாத நெல்லை டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போய் அரிசி மண்டி பாயிடம் போட்டேன். அப்பா காலத்திலிருந்து பழக்கம். கையை மூட்டைக்குள் விட்டு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "இன்னாமா இது, வாசனை அடிக்குதே?" என்றார். சர்க்கார் விலையில் பாதிகூட வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். டீ வாங்கிக் கொடுத்தார். "உன் மேல தப்பு இல்ல, நெல்லு மேலயும் தப்பு இல்ல, நான் இன்னா பண்றது சொல்லு" என்றார். அந்த டீயைக் குடிக்கும்போது எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல், டீயில் சர்க்கரை இல்லை என்று கடைக்காரரைத் திட்டினேன்.

அந்தத் தையிலிருந்து என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். நிலம் இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது, விதைக்க முடியாது. கூட்டுறவு பேங்கில் பயிர்க் கடன் கிடையாது. விற்கலாம் என்றால் பதிய மாட்டார்கள். செத்த பிணத்துக்காவது ஒரு சர்டிபிகேட் தருவார்கள்.

இருபது வீட்டுக்காரர்களும் சேர்ந்து மனுக் கொடுத்தோம். ஏரி வேண்டாம் என்று கேட்கவில்லை, கல்லைப் பிடுங்கு என்றுகூடக் கேட்கவில்லை. கலங்கலில் ஒரே ஒரு ஷட்டர் வை, கார்த்திகை வரை திறந்து வை, அறுப்பு முடிந்ததும் மூடிக்கொள், அதுவரை பயிர் வைத்தால் அடங்கல் கொடு. இவ்வளவுதான். வந்து பார்த்த இன்ஜினியர்கூட, "செய்யலாம்மா. இப்படி ஒரு வழக்கம் இருந்துதுன்னு கீழூர்க்காரங்க கூட்டத்துல சொன்னா, நான் எழுதிடறேன்" என்றார். எனக்குப் பாதிக் கிணறு தாண்டிய நிம்மதி. கீழூரில் என் தங்கச்சி இருக்கிறாளே.

கூட்டம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். காலையில்தான் அங்கே ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே சாம்பார் வாசனை. மேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் அதிகாரி. முதலில் டவுன்காரர்கள் பேசினார்கள். பட்டுக் கடைக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, ஏரி நின்ற பிறகு தன் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் இனிக்கிறது, சாயம் அலச நல்ல தண்ணீர், பறவைகள் வருகின்றன, விவசாயிகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். கை தட்டினார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. நான் எழுந்து, "உங்க கடைய ஆறு மாசம் தண்ணில வையுங்க சார், பறவ வந்து பொடவ எடுத்துக்கினு போகட்டும்" என்றேன். உட்காரச் சொன்னார்கள்.

அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்தார். என் கையெழுத்து எனக்கே தெரிந்தது.

"கன்னிமார் ஏழு பேரும் மூக்கு வரை தண்ணீரில் நின்றதை நேரில் கண்டதாகச் சொல்லியிருக்கீங்க. நீங்கதானே?"

மண்டபமே சிரித்தது. "நான்தான் சார். பெருமைக்குச் சொன்னேன்" என்றேன்.

"பெருமைக்கா?"

"பொய்தான் சார். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

"அப்ப அறுப்பு முடிஞ்சிதான் அடைப்பாங்கன்னு இப்ப சொல்றீங்களே, இது?"

"இது நெஜம் சார்" என்றேன். அவர் கீழூர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். அங்கே ஆண்கள் எல்லோரும் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார்கள். ஏன் பார்க்க மாட்டார்கள்? கான்கிரீட் வந்த பிறகு ஏரி சித்திரை வரை நிற்கிறது. நவரைக்கு மேல் சொர்ணவாரியும் நடுகிறார்கள். அது மூன்றாம் போகம், அவர்கள் பரம்பரையே பார்க்காத போகம். பெண்கள் வரிசையில் என் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். அதிகாரி அவளைக் காட்டினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. மேல அறுப்பு ஆச்சான்னு கேட்டுட்டுதான் அடைப்பீங்களா?"

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியாது சார். நான் அந்த ஊருக்கு வாழ்க்கப்பட்டு வந்தவ."

முதல் கூடையைத் தூக்க என் மயிரைப் பிடித்து இழுத்தவள். அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி "ஆச்சி, மண்ணு போடலாம்" என்று கத்தியவள். பொய் சொன்னதில் நான் அவளுக்கு அக்காதான், அதை மறுக்கவில்லை. ஆனால் என் பொய் என் தலையில் விழுந்தது, அவள் பொய்யும் என் தலையில்தான் விழுந்தது. ஷட்டர் இல்லை என்று எழுதி முடித்தார்கள். வெளியே வாழைமரத்தடியில் அவள் "அக்கா" என்று கூப்பிட்டாள். நான் பஸ்ஸுக்குப் போனேன். அதற்கு அப்புறம் இரண்டு வருஷம் பேச்சு இல்லை.

இந்த ஆடியில் எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். என் நிலத்தில் தண்ணீர் இறங்கி, வண்டல் வெடித்து, அதில் வேலிக்காத்தான் முளைத்திருக்கிறது. நான் வாசலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவிலிருந்து தங்கச்சி இறங்கினாள். பிறந்த ஊர்க் கூழுக்கு வராமல் இருக்க முடியாது, அது ஆகாது. கையில் ஒரு சிப்பம் அரிசி. வாசலில் இறக்கி வைத்தாள்.

"புது அரிசிக்கா. அம்மனுக்குப் பொங்க வை."

நான் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இன்னும் கோவமாத்தான் இருக்கிறியா? ஊரே ஒரு பக்கம் நிக்கும்போது நான் மட்டும் எப்படிக்கா மாத்திப் பேசறது? அவரு என்னை ஊட்ல சேப்பாரா?"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே, அந்தக் காலத்துக் கீழூர்க்காரர்கள் குரலில் கேட்டேன்.

"அறுப்பு ஆச்சா?"

"ஆச்சி, மண்ணு போட..."

பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். பழக்கம், வேறென்ன. ஐம்பது வயசானாலும் அந்தக் கேள்விக்கு அவள் வாய் தானாகத் திறக்கிறது. தெருவில் அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கு வரவில்லை.

"தெரியாதுன்னியேடி," என்றேன்.

அவள் திரும்பி ஆட்டோவுக்கு நடந்தாள். அரிசியைத் தூக்கித் தெருவில் எறியத்தான் குனிந்தேன். அப்புறம் யோசித்தேன். மூன்றாம் போக அரிசி. அது குடித்த தண்ணீர் ஆறு மாசம் என் நிலத்தின் மேல்தான் நின்றது. நான் எதற்கு எறிய வேண்டும்? சிப்பத்தை இழுத்து உள்ளே வைத்தேன். அவள் ஆட்டோவில் ஏறும்போது தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"அடுத்த போகத்துக்கும் கொண்டாந்து குடு! நெலம் என்னுது!"